எழுதினால் மாடு வரும்

நான் வலைப்பதிவில் ஒரு பதிவு போட்டால் எங்கள் தோட்டத்துக்குக் காட்டுமாடு வரும் என்று இரண்டு மூன்று வாரம் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வயது ஐம்பத்திமூன்று. பி.காம். படித்தவன். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் இருபத்தெட்டு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு, போய் வா என்று சொல்லிவிட்டு நடக்கிறவன். அப்பேர்ப்பட்ட பகுத்தறிவாளன்தான், கைப்பேசியில் ‘வெளியிடு’ என்ற பொத்தானைத் தொடுவதற்கு முன் எழுந்து நின்று காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தேன்.

காட்டுமாட்டைப் பார்க்காதவர்களுக்காக: ஒரு மாருதி காரைவிட உயரம், கறுப்பு, நாலு காலுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை போல வெள்ளை சாக்ஸ். நீலகிரியில், கேத்தியிலிருந்து மேலே ஏறும் சரிவில் எங்கள் வீடு. அதற்குப் பின்னால் படிக்கட்டு மாதிரி நாலு பாத்தி. பீன்ஸ், கோஸ், முள்ளங்கி, கேரட். நாலும் என் மனைவியுடையவை. எனக்கு அங்கே நடக்க மட்டும் அனுமதி உண்டு, அதுவும் வரப்பில். பாத்திகளுக்கு மேலே முள்கம்பி வேலி, வேலியில் ஒரு தகரக் கதவு, கதவைத் தாண்டி ஒரு பாறை, பாறையைத் தாண்டித் தேயிலை, தேயிலையைத் தாண்டிக் காடு. மாடு இந்த வரிசையில் தலைகீழாக வரும்.

வலைப்பதிவு என்றவுடன் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊரெல்லாம் வீடியோவுக்குப் போய்விட்ட காலத்தில் நான் மட்டும் பிடிவாதமாக எழுத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் கொள்கை இல்லை, என் முகம். வருடத்துக்கு ஏழெட்டுப் பதிவு. மினிபஸ்ஸில் ஜன்னல் மூடாத பிரச்சினை, ஆபீஸில் ஒரே ஹீட்டருக்கு ஆறு பேர் நாற்காலி நகர்த்துவது, சீசனில் என்னிடம் வழி கேட்ட சுற்றுலாக்காரர் நான் சொன்னதற்கு நேர் எதிரே போனது, இந்த மாதிரி. வாசகர்கள் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடியவர்கள் ஒரு பஸ்ஸின் பின்சீட்டில் அடங்கிவிடுவார்கள்.

அதில் முதல் ஆள் என் மச்சான், மனைவியின் அண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் என் பதிவைத் தனியாகப் படிப்பதில்லை. காலை பதினொரு மணி டீக்கு மெஷின் நிற்கும்போது, துணி மேஜை மேல் சாய்ந்துகொண்டு மொத்த கட்டிங் செக்ஷனுக்கும் சத்தமாகப் படிப்பாராம். ஏப்ரல் மாதம் ஒருநாள் கூப்பிட்டார்.

“மாப்ள, அந்த ஹீட்டர் கதைய மூணு தடவ படிச்சாச்சுங்க. இப்ப நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பசங்க முடிவச் சொல்றாங்க. புதுசா ஒண்ணு எழுதுங்க.”

“எழுதலாம் மச்சான், நேரம் கெடைக்கணுமில்லீங்களா.”

“நேரமா? உங்க ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு நீங்களே எழுதித்தான் நாங்க படிச்சிருக்கோம். வாரம் ஒண்ணு போடுங்க. மே மாசம் நாங்க ஊடு குடி போறோம், அதுவரைக்குமாச்சும்.”

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது என்னை எழுத்தாளன் போல நடத்தினால் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பக்கம், அதே புதுமனை புகுவிழாவுக்காக என் மனைவி ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு ஒரு முன்கதை உண்டு. போன முறை திருப்பூர் விசேஷத்துக்கு ஊட்டிக் காய்கறி என்று ஒரு மூட்டை கொண்டுபோனோம். அவளுடைய அண்ணி மூட்டையைப் பிரித்து, உள்ளே கிடந்த கோயமுத்தூர் கடைச் சீட்டை எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்தார். அந்த வருடம் மழையில் தோட்டம் அழுகிப்போனது உண்மை. மேட்டுப்பாளையம் தாண்டிய பிறகு நாங்கள் காய் வாங்கியதும் உண்மை. சீட்டை எடுக்க மறந்தது நான் என்பதும், வேறு வழியில்லை, உண்மை. அன்றைக்கு அவள் சொல்லிவிட்டு வந்தாள்: “அண்ணி, நீங்க குடி போற அன்னிக்குப் பந்தியில போடற அத்தன காயும் என் தோட்டத்துக் காய்.” ஜனவரியிலிருந்து அவள் அந்தப் பாத்திகளோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். என்னோடு இடைவேளையில்.

முதல் பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டேன். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் மனைவி என்னவோ சொன்னாள். வார்த்தை புரியவில்லை, ஆனால் தொனி புரிந்தது. போய்ப் பார்த்தால் பீன்ஸ் பாத்தியில் குச்சிகள் மட்டும் நின்றன. மண்ணில் என் தட்டளவு குளம்படி.

“பந்தி போட்டு வெச்ச மாதிரி தின்னுபோட்டுப் போயிருக்குதுங்க,” என்றாள். பீன்ஸ் பொரியல் விருந்திலிருந்து விலகிக்கொண்டது.

இரண்டாவது ஞாயிறு இரண்டாவது பதிவு. திங்கட்கிழமை காலை கோஸ் பாத்தி காலி. மாடு இலையைத் தின்றுவிட்டு, தண்டை மட்டும் வரிசையாக விட்டு வைத்திருந்தது. நல்ல குடும்பத்து மாடு.

அப்போதுதான் எனக்குள் அந்தப் பொறி தட்டியது. பதிவு போட்டேன், மாடு வந்தது. பதிவு போட்டேன், மாடு வந்தது. சே, என்று என்னையே அதட்டிக்கொண்டேன். அதட்டிவிட்டுக் காலண்டரைப் பார்க்கப் போனேன்.

எங்கள் வீட்டில் உரக்கடை கொடுக்கும் மாதக் காலண்டர் ஒன்று உண்டு. அதில் மனைவி எல்லாவற்றையும் குறித்து வைப்பாள். சிலிண்டர் வந்த நாள், தண்ணீர் வராத நாள், மாடு வந்த நாள். மாட்டுக்கு ஒரு வட்டமும் இரண்டு கொம்பும். போன வருடத் தாள்கள் சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தன. அவள் குளிக்கப் போன நேரம் மல்லித்தூள், மிளகாய்த்தூள், கடுகு எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டு, தாள்களை உருவி, என் பழைய பதிவுகளின் தேதியோடு ஒத்துப்பார்த்தேன்.

போன வருடம் ஏழு பதிவு. அதில் ஆறுக்கு மறுநாள் கொம்பு. பாக்கி ஒன்று, நாங்கள் கல்யாணத்துக்குப் போனபோது கோயமுத்தூர் பஸ்ஸில் இருந்து போட்டது. மாடு அவ்வளவு தூரம் வராது என்று நானே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

“மொளகாத்தூளுக்கும் உங்களுக்கும் என்னங்க ஜோலி?” என்று கேட்டுக்கொண்டு மனைவி வந்து நின்றாள், தலையில் துண்டோடு.

“அலமாரி தொடைக்கலாம்னு.”

முப்பது வருடத் திருமண வாழ்வில் நான் அலமாரி துடைத்ததில்லை. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? உன் அண்ணன் கேட்கிறார் என்று நான் எழுதுகிறேன், நான் எழுதினால் உன் அண்ணி முன்னால் உன் மானம் போகிறது என்றா? எழுதாமல் இருந்தால் மச்சான் கோபிப்பார், எழுதினால் அவர் வீட்டுப் பந்தியில் சாம்பாரில் போட ஒன்றும் இருக்காது. நடுவில் நான், கையில் கைப்பேசியோடு. சரி, விஞ்ஞான ரீதியில் அணுகுவோம் என்று முடிவு செய்தேன். பீதி வந்தால் நான் எப்போதும் விஞ்ஞானத்தைத்தான் கூப்பிடுவேன்.

முதல் யோசனை: பதிவில் காய்கறி பற்றி எதுவும் இருக்கக் கூடாது. பழைய பதிவுகளைப் புரட்டினேன். எதிலும் காய்கறி இல்லை. இரண்டாவது யோசனை: இடம். வழக்கமாக நான் பதிவு போடுவது வேலிக்கு மேலே இருக்கும் பாறையில் நின்றுதான். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு தெரியும், அதுவும் அலங்காரத்துக்கு. பாறை மேல் ஏறினால் ஊட்டிப் பக்கத்து டவர் நேராகக் கிடைக்கும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் குடை, தகரக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஏறுவேன். பதிவும் படமும் ஏறும்வரை நிற்பேன். ஏறியதும் பாறைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் பாதையில் இறங்கி, ரோட்டுக் கடையில் ஒரு டீயும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும். அது எழுத்தாளனுக்கு எழுத்தாளனே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. அப்படியே ரோட்டோடு நடந்து வாசல் வழியாக வீட்டுக்கு வருவேன்.

இடத்தை மாற்றிப் பார்ப்போம் என்று அடுத்த பதிவை ஆபீஸிலிருந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். ஃபேக்டரி பாய்லர் பற்றியது. இரவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். விடிந்தது. முள்ளங்கி அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன், ஓஹோ, இடம்தான் காரணம் போலிருக்கிறது என்று யோசித்திருப்பான். நான் யோசித்தது வேறு. மாட்டுக்குப் பாய்லர் பிடிக்காது. நெருப்பு, நீராவி, சத்தம். நியாயம்தானே? காட்டு ஜீவன். ஆக இனிமேல் பாய்லர் பற்றியே எழுதினால் போயிற்று.

அந்த ஞாயிறு ‘பாய்லர்: இரண்டாம் பாகம்’ எழுதினேன். முன்னதைவிட அதிக நெருப்பு சேர்த்தேன். பாறையில் நின்று போட்டேன், தைரியமாக டீ குடித்தேன், மூன்றாவது வர்க்கியும் வாங்கினேன்.

திங்கட்கிழமை முள்ளங்கி இல்லை.

“மாப்ள, ரெண்டாம் பாகம் அவ்வளவா எடுபடலீங்க,” என்றார் மச்சான் தொலைபேசியில். “பசங்க ஹீட்டரே தேவலைன்னுட்டாங்க. அத உடுங்க. குடி போறதுக்கு இன்னும் எட்டு நாள். என் ஊட்டப் பத்தி ஒண்ணு எழுதுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம போட்டீங்கன்னா திங்கக்கெழம செக்ஷன்ல படிச்சுப்போட்டு, அப்படியே எல்லாத்தையும் விசேஷத்துக்குக் கூப்புட்டுருவேன். பத்திரிகையே அதுதானுங்க.”

விசேஷம் செவ்வாய்க்கிழமை. கேரட் பிடுங்குவது திங்கட்கிழமை காலை, ஈரம் காய்வதற்குள் பஸ் ஏற்ற வேண்டும் என்று மனைவி திட்டம் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதிவு. நடுவில் ஒரே ஒரு ராத்திரி. மாட்டுக்கு அது போதும்.

சனிக்கிழமை சமையலறையில் அவள் பின்னாலேயே சுற்றினேன். அடுப்புக்குப் போனால் அடுப்புக்கு, தொட்டிக்குப் போனால் தொட்டிக்கு.

“என்னங்க வேணும் உங்களுக்கு?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காலண்டர், கொம்பு, பாய்லர், எல்லாம். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிப்பாள், திட்டுவாள், எனக்குப் பைத்தியம் தெளியும் என்பது என் கணக்கு. அவள் கையைத் துடைத்துக்கொண்டு மல்லித்தூள் டப்பாவைத் தூக்கித் தாளை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். என் கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு தேதியாகப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“அப்ப எழுதாதீங்க,” என்றாள்.

வீட்டில் பைத்தியம் இரண்டானது.

“உங்க அண்ணன் கேட்டாருன்னா?”

“எங்கண்ணனுக்கு நான் சொல்லிக்கறேன். இது ஒண்ணுதானுங்க மிச்சம்.” ஜன்னல் வழியாகக் கேரட் பாத்தியைக் காட்டினாள். “வெறுங்கையோட போனா அண்ணி வாயில ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மூட்டைக்குள்ள சீட்டுத் தேடுவாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி தேடுவாங்க.”

சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நான்கு மாதமாக ஒவ்வொரு காலையும் அவள் அந்தக் குளிரில் குனிந்து நின்றது எனக்குத் தெரியும். அப்போதே முடிவு செய்தேன். வாரம் ஒன்று எழுதுவதா வேண்டாமா என்று ஆரம்பித்த விவகாரம் முழுவதுமாக நிறுத்துவது என்று முடிந்தது. வாசகர்களுக்குச் சொல்லாமல் போகக் கூடாது என்பதால் ஞாயிறு மதியம் உட்கார்ந்து விடைபெறும் பதிவு எழுதினேன். அருமையாக வந்தது. எனக்கே இரண்டு தடவை படித்துக்காட்டிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: இதையும் வெளியிட்டாக வேண்டுமே.

“கடைசித் தடவதானே,” என்றேன். “மாடு வந்தா வெரட்டிக்கலாம்.”

மனைவி ஒரு தாம்பாளமும் கரண்டியும் எடுத்துக்கொண்டு கேரட் பாத்தி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். காதில் மஃப்ளர், மடியில் தாம்பாளம். நான் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் குடையுமாக வரப்பில் ஏறினேன். தகரக் கதவைத் தோளால் தள்ளினேன். அது வழக்கம்போல் கிறீச்சிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். சாயங்காலமானால் கம்பளி போர்த்துக்கொண்டு, அவர் வீட்டுக் கேரேஜ் முன்னால் வெயில் போகும் வரை உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து எங்கள் தோட்டம் முழுதும் தெரியும். கண்டக்டராக இருந்தவர், வண்டியில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பது இன்னமும் அவர் கண்ணிலிருந்து தப்பாது.

“ஏனுங்க,” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். “இன்னிக்குமுங்களா?”

“என்னங்க இன்னிக்கும்?”

“கதவத் தொறந்து உடறது.”

நான் கதவைப் பார்த்தேன். அது மலைப்பக்கம் ஆவென்று திறந்து கிடந்தது. மாடு வந்த நாள் காலையெல்லாம் அது இப்படித்தான் கிடக்கும், அதுவும் மாட்டின் வேலை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

“நீங்க மேல ஏறி, பாறையில நின்னு, போனத் தூக்கி என்னமோ பண்ணிப்போட்டு அந்தப் பக்கமா எறங்கிப் போயிருவீங்க. கதவு தொறந்தபடியே கெடக்கும். கொஞ்ச நேரங் கழிச்சு மாடு வரும். மெதுவா, மாப்பிள்ளையாட்டம் உள்ள போவும்.”

“ஏனுங்க, பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

“நான் வேண்டுதலோன்னு நெனச்சேனுங்க,” என்றார் அவர், ரொம்பப் பணிவாக. “பாறை மேல நின்னு கையத் தூக்கறீங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பாத்தியா உடறீங்க. மாட்டுக்குப் படைக்கறாங்களாட்ட இருக்குது, நம்ம போயி நடுவுல பேசப்படாதுன்னு இருந்துட்டேன்.”

கீழே ஸ்டூலில் தாம்பாளம் ஒரு தடவை டங் என்றது. மாட்டுக்காக அல்ல.

“கதவுக் கம்பிய மாட்டிட்டுப் போறதுக்கு என்னங்க?” என்றாள் மனைவி.

“ஒரு கையில போனு, ஒரு கையில கொடை,” என்றேன். குடையை உயர்த்திக் காட்டவும் செய்தேன். சாட்சியாக.

“மழையே இல்லீங்களே.”

“வந்தா?”

“அந்த மாடு நெனச்சா வேலியவே தாண்டிருமுங்க,” என்று பெரியவர் எனக்குப் பரிந்து வந்தார். “ஆனா தொறந்தே கெடக்கறப்ப அது எதுக்குங்க தாண்டோணும்?”

மனைவி மேலே வந்தாள். என் கையிலிருந்து குடையைப் பிடுங்கிக்கொண்டாள். “எங்கண்ணன் ஊட்டப் பத்தி எழுதச் சொன்னாருல்ல, எழுதினீங்களா?”

“இல்ல. இது விடைபெறுதல்.”

“அத அழிங்க.”

அழித்தேன். தமிழ் இலக்கியத்துக்கு என்ன இழப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பாறை மேல் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் மச்சான் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். பார்க்காத வீடு. அதனால் தாராளமாகப் புகழ முடிந்தது. அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, நான் இறங்கி வந்ததும் கம்பியை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அன்றைக்கு டீயும் இல்லை, வர்க்கியும் இல்லை.

கேரட் மூட்டை திங்கட்கிழமை மதியம் எங்களோடு பஸ் ஏறியது. திருப்பூரில் அண்ணி மூட்டையைப் பிரித்தார். அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். மண்தான் வந்தது, கேத்தி மண், நகத்தில் ஒட்டிக்கொண்டு. “கழுவிக் கொண்டாந்திருக்கலாமுல்ல,” என்றார். என் மனைவி அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தாள். பந்தியில் கேரட் சாம்பார், கேரட் பொரியல், கேரட் கோசுமல்லி, கேரட் அல்வா. கட்டிங் செக்ஷன் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு ஹீட்டர் கதையின் முடிவை என்னிடமே சொன்னார்கள்.

இப்போது வாரம் ஒன்று எழுதுகிறேன். ஞாயிறு ஐந்தரைக்கு, அதே பாறையில், குடை இல்லாமல். கம்பியை மாட்டிய பிறகு பெரியவர் அங்கிருந்து “ரைட்” என்று கத்துவார். அதற்கப்புறம்தான் மேலே ஏறுவேன். காலண்டரில் அன்றிலிருந்து கொம்பு இல்லை.

நடந்தது இவ்வளவுதான்: பதிவு போட்ட நாளெல்லாம் நான் கதவைக் கட்டாமல் டீ குடிக்கப் போயிருக்கிறேன்.